பொழுது சாயும் வரைதான் வரம்

அன்புள்ள வாசகருக்கு,

ஆறாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள், பாடப் புத்தகத்தை மூடிய கையோடு பேசும் சிங்கத்தையும், மணலுக்குள் புதைந்து தூங்கும் பிராணியையும், பதின்மூன்று மணி அடிக்கும் கடிகாரத்தையும் தேடிப் போய்விடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்கிறாள், பொது அறிவுப் புத்தகம் வாங்கித் தந்தால் அது மேசையில் தூசி படிகிறது என்பது உங்கள் குறை. ஆனால் கடிதத்தின் கடைசிப் பத்தியில் குட்டு உடைந்துவிட்டது. அவள் தூங்கிய பிறகு அதில் ஒன்றை எடுத்துச் சும்மா புரட்டப் போய், ராத்திரி ஒரு மணிவரை நீங்களே கீழே வைக்கவில்லையாம். எப்போதோ ஒரு சீமைக்காரர் எழுதிய பொய்க்கதை இன்றைக்கு மகளையும் பிடிக்கிறது, அப்பாவையும் பிடிக்கிறது, அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லோரும் சட்டென்று சொல்லும் பதில் 'கற்பனை வளம்'. எனக்கு அதில் திருப்தி இல்லை. கற்பனைக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. புத்தகக் கண்காட்சியில் குழந்தைகள் பக்கம் போய்ப் பாருங்கள். பறக்கும் குதிரையும் டிராகனும் மந்திரக்கோலும் குவிந்து கிடக்கும். அவற்றில் பாதிக்கு மேல் அடுத்த கண்காட்சிக்கு வராது. நிற்கிற புத்தகங்களில் இருப்பது கறார் என்பேன். நல்ல மளிகைக்கடைக்காரர், வாங்க வந்தது சின்னப் பிள்ளை என்பதற்காக நிறுவையில் குறைக்க மாட்டார். மீதிச் சில்லறையை எண்ணித்தான் கையில் வைப்பார். இந்தக் கதைகளை எழுதியவர்கள் அந்த ரகம். மாயத்தை அள்ளித் தருவார்கள், கணக்கை மட்டும் விட மாட்டார்கள்.

எடித் நெஸ்பிட்டிடமிருந்து தொடங்குகிறேன். உங்கள் மகளின் மணல் பிராணி அவர் படைத்ததுதான். 1902-இல் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் தொடராக வந்து அதே ஆண்டு புத்தகமான 'ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்'. லண்டனிலிருந்து கிராமத்து வீட்டுக்குக் குடிவந்த ஐந்து பிள்ளைகள், அதில் கடைசி கைக்குழந்தை. பக்கத்துச் சரளைக் குழியைத் தோண்டும்போது ஸாமியாட் என்னும் மணல் தேவதை வெளியே வருகிறது. தேவதை என்றதும் வெள்ளைச் சிறகை நினைத்துவிடாதீர்கள். நத்தைக்கு இருப்பதுபோல் கொம்பு நுனியில் கண், வௌவால் காது, சிலந்தி வயிறு, உடம்பு முழுக்க மயிர், குரங்குக் கை கால். போதாததற்கு மூக்குக்கு மேல் கோபம். தண்ணீர் என்றால் அதற்கு உயிர் போகும் பயம். எந்தக் காலத்திலோ நனைந்த ஒரு மீசை முடி, காற்றில் ஈரம் ஏறினால் இன்றும் வலிக்கிறதாம்.

நாளுக்கு ஒரு வரம் தரும். பொழுது சாய்ந்ததும் வரம் கலைந்துவிடும். சட்டம் இவ்வளவுதான், மீதிக் கதை முழுக்க இந்தச் சட்டத்தின் வேலை. பேரழகாக வேண்டும் என்று முதல் வரம் கேட்கிறார்கள். கிடைக்கிறது. கிடைத்ததும் கைக்குழந்தைத் தம்பிக்கு அக்கா அண்ணன்களை அடையாளம் தெரியவில்லை, வீறிட்டு அழுகிறான். யாரோ ஊரான் வீட்டுப் பிள்ளைகள் என்று வேலைக்காரம்மா உள்ளே விட மறுக்கிறார். பேரழகர்கள் அன்று பட்டினி. அடுத்து, குழி நிறையத் தங்கக் காசு. அதுவும் கிடைக்கிறது, எல்லாம் புழக்கத்தில் இல்லாத பழங்காசு. கடையில் வாங்க மாட்டேன் என்கிறார்கள், விவகாரம் போலீஸ் ஸ்டேஷன்வரை போகிறது.

இறக்கை கேட்ட நாள்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பறந்து பறந்து பசி வந்துவிடுகிறது. பாதிரியார் வீட்டுச் சமையல் கிடங்கின் ஜன்னல் திறந்திருக்கிறது. உள்ளே இறைச்சியும் ரொட்டியும் சோடா சைபனும். எடுக்கலாமா, எடுத்தால் திருட்டா என்று நால்வரும் நெடுநேரம் வாதாடுகிறார்கள். கடைசியில் எடுத்துக்கொண்டு, ஒரு கடிதத்தையும் அரை கிரவுன் காசையும் வைத்துவிட்டுப் பறக்கிறார்கள். மாதா கோவில் கோபுர உச்சியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டு, உண்ட மயக்கத்தில் கண்ணயர்கிறார்கள். விழிக்கும்போது இருட்டிவிட்டது. இறக்கை இல்லை. கோபுரத்து மாடிப்படிக் கதவு பூட்டியிருக்கிறது. பக்கத்தில் காலி சோடா சைபன் மட்டும் இருக்கிறது.

நண்பர் ஒருவர் நடத்தும் தெரு வாசகசாலையில் இந்த அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது, பிள்ளைகள் இறக்கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'ஏன் சார் கடிகாரம் கொண்டு போகல?' என்றான் ஒருவன். 'சூரியன் மறையாத ஊருக்குப் பறந்து போயிட்டா?' என்றாள் ஒரு பெண். 'ஒரே வரத்துல இன்னும் நூறு வரம் வேணும்னு கேட்டா?' என்று ஒரு குட்டி வக்கீல். அரை மணி நேரம் சட்டத்தில் ஓட்டை தேடினார்கள். ஆசைப்பட்டதெல்லாம் நடக்கும் கதையாக இருந்திருந்தால், ஐந்து நிமிடத்தில் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

ஒரு குழந்தையின் நாளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பொய் சொல்லக் கூடாது என்கிறோம். கடன் கேட்டவர் வாசலில் வந்து நின்றால் 'அப்பா இல்லைன்னு சொல்லு' என்கிறோம். பரீட்சை முடிந்ததும் கடற்கரைக்குப் போகலாம் என்கிறோம். முடிந்தபின் 'அப்புறம் பார்க்கலாம்'. விருந்தாளி வந்தால் ஒரு விதி, போனால் ஒரு விதி. பெரியவர்கள் உலகத்தின் சட்டங்கள் நம் வசதிக்கு வளைவதைக் குழந்தைகள் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஸாமியாட் அப்படி வளையாது. ஆள் பார்ப்பதும் வேளை பார்ப்பதும் அதற்குக் கிடையாது. அழுதாலும் கெஞ்சினாலும் பொழுது சாய்ந்தால் வரம் கலையும். சொன்ன சொல் மாறாத ஓர் உலகம் குழந்தைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, சொல்லை மாற்றி மாற்றிப் பழகிப்போன நமக்கு உடனே பிடிபடாது.

நம் வீட்டுக் கதைகளும் இதை அறிந்தவையே. ராட்சசனின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளியின் உடம்பில் இருந்தால், அவனை வேறெங்கே வெட்டினாலும் சாக மாட்டான். பாட்டியிடம் சலுகை கேட்டுப் பார்த்திருப்பீர்கள், நடந்திருக்காது. வேதாளத்தின் சட்டம் இன்னும் இறுக்கம். விடை தெரிந்தும் பேசாமல் இருந்தால் தலை வெடிக்கும், பேசினால் பிணம் திரும்ப மரத்துக்குப் போய்விடும். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் உள்ள கதை அது. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா' அந்த ஒரே சட்டத்தை வைத்துக்கொண்டு, மூலத்தில் உள்ள இருபத்தைந்து கதைகளைத் தாண்டியும் மாதாமாதம் புதுக்கதை சொல்லிக்கொண்டே போனது. வேதாளத்தைக் கேட்டு வளர்ந்த நீங்கள் ஸாமியாட்டிடம் சிக்கியதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இந்தக் கறாருக்கு எழுத்தாளர்களே கட்டுப்பட்டதற்கு ஒரு சான்று சொல்கிறேன். ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி ஹாபிட்' 1937-இல் வந்தது. பில்போ என்னும் குள்ளமான ஹாபிட், மலைக்கடியில் இருட்டுக் குகையில் கோலம் என்னும் பிராணியிடம் மாட்டிக்கொள்கிறான். விடுகதைப் போட்டி. தோற்றால் பில்போவைக் கோலம் தின்றுவிடும். கடைசி முறை வரும்போது பில்போவுக்கு எதுவும் தோன்றவில்லை. சட்டைப்பையைத் தடவியபடி, பையில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுகிறான். அது விடுகதையே இல்லை. அதைக் கதாசிரியரே நிறுத்தி நிதானமாக ஒப்புக்கொள்கிறார். விடுகதைப் போட்டி புராதனமானது, அதில் ஏமாற்றக் கொடியவனும் அஞ்சுவான் என்பது அந்த உலகத்தின் நெறி.

அந்தப் பையில் இருந்தது, கோலம் தொலைத்து பில்போ கண்டெடுத்த ஒரு மோதிரம். முதல் பதிப்பில், போட்டியில் தோற்றால் அதைப் பரிசாகத் தருவதாகக் கோலம் தானே முன்வந்திருக்கும். பிற்பாடு 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதும்போது அந்த மோதிரம் ஆளையே விழுங்கும் தீய சக்தியாக வளர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட மோதிரத்தை ஒருவன் பரிசாகத் தருவானா? டோல்கீன் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். 1951-இல் வந்த இரண்டாம் பதிப்பில் கோலம் மோதிரத்தைத் தர முன்வருவதில்லை. சரி, பழைய பதிப்பைப் படித்தவர்களுக்கு என்ன பதில்? அது மோதிரத்தின் பிடியில் இருந்த பில்போ தன் கூட்டாளிகளிடம் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே எழுதிவிட்டார். அச்சேறிய தவற்றைக்கூடக் கணக்கில் வரவு வைத்த மனிதர்.

பதின்மூன்று அடிக்கும் கடிகாரத்துக்கு வருகிறேன். 1958-இல் வந்த ஃபிலிப்பா பியர்ஸின் 'டாம்ஸ் மிட்நைட் கார்டன்'. அந்த ஆண்டுக்கான கார்னெகி பதக்கம் பெற்றது. தம்பிக்கு மணல்வாரி என்பதால் டாம் சித்தி வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். பழைய பெரிய பங்களாவைத் தடுத்துத் தடுத்துக் குடித்தனங்களாக ஆக்கிய வீடு. பின்கதவைத் திறந்தால் குப்பைத் தொட்டிகள் வைத்த ஒடுங்கிய முற்றம். ஆனால் ராத்திரி கூடத்துக் கடிகாரம் பதின்மூன்று அடித்தபின் அதே கதவைத் திறந்தால் புல்வெளியும் மரங்களும் பூப்பாத்திகளுமாக ஒரு பெரிய தோட்டம். அங்கே விக்டோரியா காலத்துச் சிறுமி ஹாட்டி. பியர்ஸ் கேம்பிரிட்ஜ்ஷயரில் கிரேட் ஷெல்ஃபோர்டு என்னும் ஊரில் மாவு ஆலைக்காரரின் மகளாக வளர்ந்தவர். அந்த ஆலை வீட்டுத் தோட்டம்தான் கதையின் தோட்டம்.

கதையில் ஓர் இடம். ஆறு உறைந்துபோகிறது. ஹாட்டியிடம் பனிச்சறுக்குக் காலணி இருக்கிறது, டாமிடம் இல்லை. அவன் ஒரு யோசனை சொல்கிறான்: நீ இந்த ஊரை விட்டுப் போகும்போது உன் காலணியை உன் அறையில் நீ மட்டும் அறிந்த மறைவிடத்தில் வைத்துவிட்டுப் போ. ஹாட்டியின் அறைதான் இந்தக் காலத்தில் டாம் படுக்கும் அறை. அவன் தன் காலத்துக்குத் திரும்பித் தரைப்பலகையைத் தூக்கிப் பார்க்கிறான். பழுப்புத் தாளில் பொதிந்து, பக்கத்தில் ஒரு சீட்டோடு, காலணி இருக்கிறது. அடுத்த இரவு அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறான். உறைந்த ஆற்றில் இருவரும் சேர்ந்து சறுக்கிப் போகிறார்கள். இரண்டு பேர் காலிலும் இருப்பது ஒரே ஜோடிக் காலணி. ஒன்று புதியது, ஒன்று அதன் முதுமை.

இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் விடை சரியாக வரும். உங்கள் மகள் இதே புத்தகத்தை மூன்றாம் முறை எடுப்பது ஏன் என்று கேட்டிருந்தீர்களே, என் ஊகம் இதுதான்: சரிபார்க்கிறாள். டாம் ஒவ்வொரு இரவும் போகும்போது ஹாட்டி சிலசமயம் சில வருஷம் வளர்ந்துவிட்டிருக்கிறாள்; இவன் அப்படியே இருக்கிறான். வளர வளர அவள் கண்ணுக்கு அவன் மங்கலாகிக்கொண்டே வருகிறான். கேட்ட நேரமெல்லாம் கிடைக்கும் தோட்டம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்க, அதற்கும் ஒரு பொழுது சாய்கிறது. முடிவைச் சொல்ல மாட்டேன். நீங்கள் ஒரு மணிவரை விழித்துப் படித்தது வேறு புத்தகமாக இருந்தால், இதற்கும் ஒரு ராத்திரி ஒதுக்குங்கள்.

'இதெல்லாம் நிஜத்திலிருந்து தப்பித்து ஓடுவதுதானே' என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இதே குற்றச்சாட்டுக்கு டோல்கீன் 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகச் சொற்பொழிவில் பதில் சொன்னார். போர்முனையை விட்டு ஓடுகிற சிப்பாயையும், வீட்டுக்குப் போகத் தவிக்கும் சிறைக்கைதியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்பது அந்தப் பதிலின் சாரம். எனக்கு அதில் உடன்பாடுதான். ஆனாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது: ஓடிப்போன இடத்தில் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது?

அதற்கு உங்கள் மகளின் பேசும் சிங்கத்தைச் சாட்சிக்கு அழைக்கிறேன். சி. எஸ். லூயிஸ் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். 1908 ஆகஸ்டில், அவருக்கு ஒன்பது வயதில், அம்மா புற்றுநோயால் இறந்துபோனார். அம்மா பிழைக்க வேண்டும் என்று அந்தச் சிறுவன் வேண்டாத வேண்டுதல் இல்லை. 1955-இல் அவரிடமிருந்து இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று தன்வரலாறு, அதில் அம்மா இறந்துபோகிறார். மற்றொன்று நார்னியா வரிசையில் ஆறாவதாக வெளியான 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'. அதில் டிகரி என்னும் சிறுவனின் அம்மா சாகக் கிடக்கிறார். அஸ்லான் என்னும் சிங்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஓர் ஆப்பிளைப் பறித்து வரச் சொல்லி அவனை அனுப்புகிறது. அம்மாவுக்காக உதவி கேட்டுக் கெஞ்சும் சிறுவன் நிமிர்ந்து பார்த்தால், சிங்கத்தின் கண்களில் பெரிய பெரிய கண்ணீர்த் துளிகள். ஆனாலும் சிங்கம் வாக்குறுதி எதுவும் தரவில்லை.

தோட்டத்தில் ஒரு சூனியக்காரி காத்திருக்கிறாள். அந்த ஆப்பிளை நேரே அம்மாவிடம் கொண்டு போ, பிழைத்துவிடுவாள் என்கிறாள். அவள் சொல்வது பொய்யும் இல்லை. டிகரி திண்டாடிப் போகிறான். கடைசியில், கொடுத்த வாக்கை மீறாமல் பழத்தைச் சிங்கத்திடமே கொண்டு வந்து தருகிறான். அது மண்ணில் நடப்படுகிறது. அம்மாவை இழந்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டு அவன் கொடுத்தான் என்பதுதான் முக்கியம். அதன் பிறகே, முளைத்த மரத்திலிருந்து ஒரு பழம் அவனுக்குக் கிடைக்கிறது, அம்மா பிழைக்கிறார்.

லூயிஸ் இங்கே ஏமாற்றிவிட்டாரா? நிஜத்தில் சாகடித்துவிட்டுக் கதையில் பிழைக்க வைத்தது சலுகை இல்லையா? நானும் இதை யோசித்திருக்கிறேன். அம்மாவின் உயிரை அவர் இலவசமாக எழுதிக்கொள்ளவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. திருடிய பழமும் அம்மாவைப் பிழைக்க வைத்திருக்கும், ஆனால் ஒரு நாள் அவள் அன்றே போயிருக்கலாம் என்று இருவரும் ஏங்கும்படி ஆகியிருக்கும் என்று சிங்கம் சொல்கிறது. தப்பித்து ஓடிய இடத்தில், வீட்டில் விட்டுவிட்டு வந்த அதே துக்கம்தான் அந்தப் பிள்ளைக்காக வழியில் உட்கார்ந்திருக்கிறது. இதைத் தப்பித்தல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயத்தையும் இவர்கள் இப்படித்தான் கையாள்கிறார்கள். பின்லாந்தின் டோவே யான்சன், மூமின் என்னும் உருண்டை மூக்குக் குடும்பத்தை 1945 முதல் எழுதியவர், வரைந்தவரும் அவரே. அந்த உலகத்தில் க்ரோக் என்று ஒருத்தி உண்டு. பெரிய, மௌனமான, குளிரான உருவம். உட்கார்ந்த இடத்தில் மண் உறைந்து புல் செத்துப்போகும். வெளிச்சத்தைக் கண்டால் நெருங்கி வருவாள்; நெருங்கினால் வெளிச்சம் அணைந்துவிடும். எல்லோரும் அவளைக் கண்டு ஓடுவார்கள். 1965-இல் வந்த 'மூமின்பாப்பா அட் சீ'யில் குட்டி மூமின் ராத்திரிதோறும் அரிக்கேன் விளக்கோடு கடற்கரைக்குப் போகிறான், அவள் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று. ஒருநாள் மண்ணெண்ணெய் தீர்ந்துவிடுகிறது. வெறுங்கையோடு போகிறான். விளக்கு இல்லாமலேயே அவனைக் கண்டு க்ரோக் ஆடுகிறாள், பாடுகிறாள். அவள் போனபின் குனிந்து தொட்டுப் பார்க்கிறான்: மணல் உறையவில்லை. பயப்படாதே, பூதம் எல்லாம் கிடையாது என்று நாம் சொல்வோம், குழந்தை நம்பாது. யான்சன் பூதம் உண்டு என்று ஒப்புக்கொண்டு, அதற்கும் குளிர்கிறது என்பதைக் காட்டினார்.

பழையது எல்லாம் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. சார்லஸ் கிங்ஸ்லியின் 'தி வாட்டர் பேபீஸ்' 1863-இல் வந்தபோது பெரும்புகழ் பெற்றது. புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன் ஆற்றில் விழுந்து நீர்க்குழந்தையாக மாறும் கதை; அப்படிப்பட்ட சிறுவர்கள் பட்ட கொடுமையை ஊரறியச் செய்ததில் அதற்குப் பங்கு உண்டு. இன்றைக்கு அதைச் சுருக்கம் இல்லாமல் படிக்கும் குழந்தை அபூர்வம். பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியர் குறுக்கே வந்து உபதேசம் செய்கிறார். போகிற போக்கில் ஐரிஷ்காரர்களையும் வேறு பலரையும் இழிவாகப் பேசுகிறார். அங்கே மாயம் சட்டப்படி நடப்பதில்லை, ஆசிரியரின் விருப்பு வெறுப்புப்படி நடக்கிறது. அதைப் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

நிற்கிற புத்தகங்களிலும் அழுக்கு உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. நார்னியாவுக்குத் தெற்கே லூயிஸ் படைத்த கலோர்மென் நாட்டுக்காரர்கள் தலைப்பாகை, வளைந்த வாள், கருத்த தோல், கொடுங்கோன்மை என்று கீழைத்தேசத்தைப் பற்றிய பழைய ஆங்கிலேய வார்ப்பிலேயே வருகிறார்கள். நெஸ்பிட்டின் கதைகளில் யூதர்களைப் பற்றிய பேச்சு முகம் சுளிக்க வைக்கும். உங்கள் மகள் இந்த இடங்களைத் தொடும்போது பக்கத்தில் இருங்கள். புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம், 'இவங்க நம்ம மாதிரி ஆளுங்கதானே, இவரு ஏன் இப்படி எழுதினாரு?' என்று பேச்சைத் தொடங்கினால் போதும். அப்படியே அர்சுலா லெ குவினின் 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ'யையும் கையில் கொடுங்கள். 1968-இல் வந்தது. நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அந்தத் தீவுகளில் பெரும்பாலோர் கருத்தவர்கள். ஆசிரியர் வேண்டுமென்றே அப்படி வைத்தார். அட்டைப்படக்காரர்கள் நெடுங்காலம் அவனை வெள்ளையாகவே வரைந்தார்கள். 2004-இல் தொலைக்காட்சித் தொடரிலும் அதையே செய்தபோது லெ குவின் கண்டித்துப் பகிரங்கமாக எழுதினார். அந்த நாவலிலும் கறாருக்குக் குறைவில்லை. ஒரு தீவில் மந்திரத்தால் மழை வரவழைத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம். செருக்கால் கெட் கட்டவிழ்த்துவிட்ட நிழல் கடல் கடலாக அவனைத் துரத்துகிறது, அதை வேறு எவராலும் அவனுக்காக வெல்ல முடியாது.

பெரியவர்களுக்கும் இதில் பங்கு எப்படி வருகிறது என்பதற்கு மறுபடி நெஸ்பிட்டிடம்தான் போக வேண்டும். 1884-இல் லண்டனில் தொடங்கிய ஃபேபியன் சங்கம் என்னும் சோஷலிச அமைப்பின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். கதை முடியும் தறுவாயில், என்னைப் பற்றிப் பெரியவர்களிடம் மூச்சு விடக் கூடாது என்று ஸாமியாட் பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறது. பெரியவர்களுக்குத் தெரிந்தால் இறக்கையா கேட்பார்கள்? முதியோர் பென்ஷன், வருமானத்துக்கேற்ற வரி, இலவசக் கல்வி என்று சுவாரசியம் இல்லாத எதையாவது கேட்பார்கள். கிடைத்ததை விடவும் மாட்டார்கள். உலகமே தலைகீழாகிவிடும் என்று அதற்குக் கவலை. பிள்ளைகள் சிடுமூஞ்சிப் பிராணியின் புலம்பலுக்குச் சிரிப்பார்கள். அப்பா சிரிப்பது வேறு காரணத்துக்கு: இதெல்லாம் அந்த அம்மாளின் தோழர்கள் அன்று கேட்டுக்கொண்டிருந்த கோரிக்கைகள். கதை வந்த ஆறே வருஷத்தில், 1908-இல், பிரிட்டனில் முதியோர் பென்ஷன் சட்டம் நிறைவேறியது. பொழுது சாய்ந்தும் அது கலையவில்லை.

இனி நடைமுறை. பொது அறிவுப் புத்தகம் மேசையிலேயே இருக்கட்டும், அதற்கும் ஒரு நாள் வரும். நெஸ்பிட் 1924-இல் காலமானவர்; காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அவர் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். 'தி ஃபீனிக்ஸ் அண்ட் தி கார்பெட்', 'தி ஸ்டோரி ஆஃப் தி ஆமுலெட்' இரண்டும் அதே பிள்ளைகளின் அடுத்த கதைகள். தமிழில் தொடங்க வேண்டும் என்றால் வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்து 1981-இல் க்ரியா வெளியிட்ட 'குட்டி இளவரசன்' இருக்கிறது. ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்று மாற்றி மாற்றி உரக்கப் படியுங்கள். படித்து முடித்ததும் 'இதிலிருந்து என்ன கத்துக்கிட்ட?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியில் புத்தகம் பாடமாகிவிடும். ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்றால் 'எங்கே ஏமாத்தியிருக்காங்க, கண்டுபிடி' என்று கேளுங்கள்.

அவள் தீர்ப்பை மதியுங்கள் என்றும் சொல்வேன். 'தி ஹாபிட்' கையெழுத்துப் பிரதி வந்தபோது, பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அதைத் தன் பத்து வயது மகன் ரெய்னரிடம் கொடுத்து மதிப்புரை எழுதச் சொன்னார். கூலி ஒரு ஷில்லிங். பையன் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான், புத்தகம் அச்சுக்குப் போனது. ஆகவே, டாமும் ஹாட்டியும் போட்ட காலணிக் கணக்கு உங்களுக்குச் சரியாக வருகிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். வரவில்லை என்றால் மகளையே எழுதச் சொல்லுங்கள். அவள் உங்களைவிடக் கறாராக எழுதுவாள்.

அன்புடன்.